செத்துப்போன பல் நரம்பு மறுபடி வளருமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. எட்டு மாதத்துக்கு முன் சைக்கிளிலிருந்து விழுந்ததில் மேல் முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. இரண்டு நாளில் வலி போய்விட்டதால் அப்படியே விட்டுவிட்டோம். இப்போது பல் சாம்பல் நிறமாகிவிட்டது. ஈறில் பரு மாதிரி ஒரு கொப்புளம் வருவதும் போவதுமாக இருக்கிறது. ஒரு டாக்டர் ரூட் கேனால் செய்யலாம் என்கிறார். இன்னொருவர் நரம்பைத் திரும்ப வளரவைக்கும் சிகிச்சை இருக்கிறது என்கிறார். எதை நம்புவது? எனக்கும் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை இருக்கிறது. ஐஸ் தண்ணீர் பட்டால் அரை நிமிடம் வலி நிற்கிறது. எனக்கும் அந்தச் சிகிச்சை உதவுமா? மகனின் பால் பற்களை ஸ்டெம் செல் பேங்கில் வைக்கச் சொல்கிறார்களே, அது தேவையா?

பதில்:

முதலில் மகனைப் பற்றிப் பேசிவிடலாம். அங்கேதான் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், இரண்டாவது டாக்டர் சொன்ன வழியைத்தான் நானும் முதலில் யோசிப்பேன். ஆனால் ‘நரம்பு திரும்ப வளரும்’ என்பதில் பாதிதான் உண்மை. அது எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு சிகிச்சைக்குப் போனால் பின்னால் ஏமாற்றம் இருக்காது.

பல் நரம்பு, பல் நரம்பு என்று எல்லோரும் சொல்கிறோம். டாக்டர்களும் புரியட்டும் என்று அப்படியே சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது நரம்பு மட்டும் இல்லை. பல்லின் நடுக்குழிக்குள் ரத்தக் குழாய்கள், நரம்பு இழைகள், கிருமியோடு போராடும் செல்கள் எல்லாம் சேர்ந்த மெத்தென்ற ஒரு திசு இருக்கிறது. பல்கூழ் என்று அதற்குப் பெயர். முழுதாக வெளியே எடுத்தால் ஈரமான இளஞ்சிவப்பு நூல் மாதிரி இருக்கும். அதன் ஓரத்தில் வரிசை கட்டி நிற்கும் செல்கள்தான் பல்லின் உடம்பான டென்டினைச் சுரக்கின்றன. ‘நரம்பு’ என்ற சொல்லால் வரும் குழப்பம் இங்கேதான். நரம்பு செத்தால் வலி போயிற்று, அவ்வளவுதானே என்று தோன்றிவிடுகிறது. குழந்தைகளின் பல்லில் விஷயமே வேறு.

மேல் முன்பல் ஏழு எட்டு வயதில் முளைக்கும். முளைத்த அன்று வேர் முழுதாக இருப்பதில்லை. அதற்கப்புறம் ஏறக்குறைய மூன்று வருடம் பல்கூழ் உள்ளிருந்து வேலை செய்து வேரை நீட்டி, சுவரைத் தடிமனாக்கி, நுனியைக் குறுக்கி முடிக்கிறது. உங்கள் மகன் விழுந்தபோது அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. வீடு பாதி எழும்பியபோதே கொத்தனார் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் எந்த உயரத்தில் நின்றதோ அங்கேயே நின்றுவிடும்.

எக்ஸ்ரேயைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உடையாத பக்கத்துப் பல்லில், நடுவில் ஓடும் கறுப்புக் கோடு நுனி நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். அடிபட்ட பல்லில் அந்தக் கறுப்பு அகலமாக இருக்கும், நுனியில் நாகஸ்வரத்தின் அணைசு போல விரிந்திருக்கும். இருபுறமும் தெரியும் வெள்ளைச் சுவர் காகித மடிப்பு போல மெலிந்திருக்கும். நுனியைச் சுற்றி ஒரு கரிய நிழல் தெரிந்தால், அது கிருமியால் எலும்பு கரைந்த இடம். ஈறில் வரும் கொப்புளம் அங்கே சேரும் சீழ் வடிகிற வாய். சீழ் வழி கண்டு வெளியேறிவிடுவதால்தான் பையனுக்கு வலி இல்லை. வலி இல்லை என்பது இங்கே நல்ல அறிகுறியே இல்லை. இதை நீங்கள் கவனிக்காமல் விட்டதாகச் சொல்ல வரவில்லை. பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது.

வழக்கமான ரூட் கேனால் இந்தப் பல்லுக்கு ஏன் ஒத்துவராது என்று இப்போது புரிந்திருக்கும். அந்தச் சிகிச்சையில் வேருக்குள் ஓடும் கால்வாயை ஃபைல் என்ற மெல்லிய அரம் போன்ற கருவியால் சுரண்டிச் சுத்தம் செய்து, கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளை நுனி வரை இறுக்கமாக அடைக்கிறோம். இறுக்கி அடைக்க நுனி குறுகியிருக்க வேண்டும். இங்கே நுனியே திறந்து கிடக்கிறது. அழுத்தினால் பொருள் எலும்புக்குள் போகும். சுரண்டினால் இருக்கிற மெல்லிய சுவரும் போகும். முதல் டாக்டர் ‘ரூட் கேனால்’ என்று பொதுவாகச் சொல்லியிருக்கலாம், அவர் மனதில் நுனியை அடைக்கும் முறைதான் இருந்திருக்கலாம். அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நுனியை அடைக்கும் பழைய முறை கால்சியம் ஹைட்ராக்சைடு. 1966இல் ஃபிராங்க் என்பவர் இதை முறையாக எழுதிவைத்தார். சுண்ணாம்போடு உறவுள்ள அந்தப் பசையைக் கால்வாயில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே வந்தால், ஆறு முதல் பதினெட்டு மாதத்தில் நுனியில் கெட்டியான ஒரு தடுப்பு உருவாகும். பல ஆண்டுகள் உலகம் முழுக்க இதைத்தான் செய்தோம். நானும் தொழிலின் தொடக்கத்தில் செய்திருக்கிறேன். பத்து வயதுப் பெண் ஒருத்திக்கு ஒரு வருடத்துக்கும் மேலாகப் பசை மாற்றி மாற்றி, நுனி மூடி, எக்ஸ்ரே அழகாக வந்தது. அடுத்த வருடம் கொய்யாக்காயைக் கடிக்கும்போது பல் ஈறோடு ஒட்டி முறிந்துவிட்டது. கைக்குட்டையில் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தத் துண்டின் சுவரை நகத்தால் தொட்டுப் பார்த்தேன், முட்டை ஓட்டைவிடக் கொஞ்சம்தான் தடிமன். நுனி மூடியது, கிருமி போனது, எல்லாம் சரிதான். சுவர் வளரவில்லை. அந்தப் பல்லைக் காப்பாற்ற வழியே இருக்கவில்லை.

அது என் கைப்பிழை மட்டும் இல்லை என்பது பின்னால்தான் புரிந்தது. சுவீடனில் மியோமிர் ஸ்வெக் என்ற மருத்துவர் இப்படிச் சிகிச்சை செய்த பற்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து, 1992இல் முடிவை வெளியிட்டார். ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியில் முறிந்த பற்கள், வேர் மிகக் குறைவாக வளர்ந்தவற்றில் 77 சதவீதம். ஓரளவு நன்றாக வளர்ந்தவற்றில்கூட 28 சதவீதம். அப்புறம் 2002இல், கால்சியம் ஹைட்ராக்சைடு மாதக்கணக்கில் உள்ளே இருந்தாலே டென்டின் பலவீனமாகிறது என்று ஆண்ட்ரியாசன் குழு காட்டியது.

இடையில் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டோராபினஜாட் எம்.டி.ஏ. என்ற பொருளைக் கொண்டுவந்தார். அடிப்படையில் அது நாம் வீடு கட்டும் போர்ட்லண்ட் சிமெண்டின் சுத்திகரித்த உறவு, எக்ஸ்ரேயில் தெரிவதற்காக பிஸ்மத் ஆக்சைடு கலந்தது. ஈரத்தில் இறுகும், உடம்பு அதை ஏற்றுக்கொள்ளும். மாதக்கணக்கில் காத்திருக்காமல் ஓரிரு நாள் சந்திப்பிலேயே நுனியை அடைத்துவிடலாம். மிக நல்ல சிகிச்சை, இன்றும் செய்கிறோம். ஆனாலும் சுவர் அதே மெல்லிய சுவர்தான்.

உங்கள் இரண்டாவது டாக்டர் சொன்ன வழிக்கு வருவோம். இதன் வேர் பழையது. 1961இல் நார்வேயின் நிகார்ட் ஓஸ்ட்பி ஒரு எளிய கேள்வி கேட்டார். உடம்பில் எங்கே காயம் பட்டாலும் ரத்தம் உறைந்து, அந்த உறைவுக்குள் புதுத் திசு வளர்ந்துதானே ஆறுகிறது? வெற்றுக் கால்வாயிலும் ரத்தத்தை நிரப்பினால் என்ன ஆகும்? செய்து பார்த்தார். கால்வாய்க்குள் இணைப்புத் திசு வளர்ந்தது. ஆனால் கிருமி இருந்த பற்களில் அதை நம்பிச் செய்யும் துணிவு வர நாற்பது வருடம் ஆயிற்று. 2001இல் ஜப்பானில் இவாயா குழுவினர், சீழ்க் கொப்புளத்தோடு வந்த கீழ் முன்கடைவாய்ப் பல் ஒன்றில் ஃபைலால் சுரண்டாமல், கழுவி, ஆன்டிபயாடிக் வைத்து மட்டும் சிகிச்சை செய்தார்கள். முப்பது மாதத்தில் சுவர் தடித்து, நுனி மூடியிருந்தது. 2004இல் அமெரிக்காவில் பாங்க்ஸ், ட்ரோப் இருவரும் ஒரு பதினொரு வயதுப் பையனுக்கு, ரத்தத்தை வேண்டுமென்றே வரவழைத்து இதே பலனைக் கண்டு, செய்முறையை எழுதினார்கள். அதிலிருந்துதான் இந்தத் துறை ஓட ஆரம்பித்தது.

செய்வது எப்படி என்று சொல்கிறேன், பையனை உட்கார வைக்கும்போது உங்களுக்கும் பயம் குறையும். குறைந்தது இரண்டு முறை போக வேண்டும். முதல் நாள் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டி, பின்புறம் ஒரு சிறு துளை போட்டு, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் மெதுவாக, நிறையக் கழுவுவோம். இது வீட்டில் தரை கழுவும் பிளீச்சிங் திரவத்தின் அதே ரசாயனம். பெரியவர்களின் ரூட் கேனாலில் மூன்று, ஐந்து சதவீதம் வரை பயன்படுத்துவோம். இங்கே 1.5 சதவீதம்தான். காரணம் முக்கியமானது: திறந்த வேர் நுனியை ஒட்டிய திசுவில், புதுத் திசுவாக வளரக்கூடிய ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. கிருமியைக் கொல்லும் வேகத்தில் அவற்றையும் கொன்றுவிட்டால், அப்புறம் வளர யாரும் இல்லை. இந்தச் சிகிச்சையின் கஷ்டம் முழுக்க இந்த ஒரு இடத்தில்தான். கிருமி மிச்சம் இருந்தாலும் தோற்கும், மருந்து கடுமையானாலும் தோற்கும்.

கழுவியதும் உள்ளே மருந்து வைத்து அடைத்து, ஒன்று முதல் நான்கு வாரம் விடுவோம். மருந்தில் இரண்டு வகை. ஒன்று கால்சியம் ஹைட்ராக்சைடு. சில வாரம் மட்டும் என்பதால் கெடுதல் இல்லை. இன்னொன்று ஜப்பானின் நீகாதாவில் ஹோஷினோ குழு உருவாக்கிய மூன்று ஆன்டிபயாடிக் கலவை: மெட்ரோனிடசோல், சிப்ரோஃப்ளாக்சசின், மினோசைக்ளின். கிருமியைக் கொல்வதில் கெட்டிக்காரக் கலவை. ஆனால் மினோசைக்ளின் பல்லைக் கறுக்க வைக்கும். முன்பல் என்பதால் நான் கால்சியம் ஹைட்ராக்சைடைத்தான் எடுப்பேன். உங்கள் டாக்டர் மூன்று மருந்துக் கலவை என்றால், அதில் மினோசைக்ளின் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

கொப்புளம் வற்றியிருந்தால் இரண்டாம் நாள் வேலை. வற்றவில்லை என்றால் அவசரப்படக் கூடாது, மறுபடி கழுவி மருந்து மாற்ற வேண்டும். அன்று போடும் மரப்பு ஊசியில் அட்ரினலின் இருக்கக் கூடாது, ஏனென்றால் அது ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். நமக்கு அன்று ரத்தம் வேண்டும். மருந்தைக் கழுவி எடுத்தபின் 17 சதவீத இ.டி.டி.ஏ. கரைசலால் சில நிமிடம் நனைப்போம். இதைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவரும் அதே நிகார்ட் ஓஸ்ட்பிதான், 1957இல். அன்று கால்வாயை இளக்கி அகலப்படுத்தக் கொண்டுவந்தார். இன்று வேறு காரணத்துக்காக அதை மதிக்கிறோம். டென்டின் உருவாகும்போது அதற்குள் வளர்ச்சிப் புரதங்கள் சிக்கிக்கொள்கின்றன. இ.டி.டி.ஏ. மேல் சுண்ணத்தைக் கரைத்ததும் அவை வெளியே வருகின்றன. ஸ்டெம் செல்களை ‘இங்கே வா, வேலை இருக்கிறது’ என்று கூப்பிடுவது அவைதான்.

அப்புறம் ஒரு மெல்லிய ஃபைலை நுனிக்கு இரண்டு மில்லிமீட்டர் வெளியே வரை விட்டு, லேசாகச் சுழற்றுவோம். நுண்ணோக்கி வழியே பார்த்துக்கொண்டே இருப்பேன். முதலில் ஒன்றும் தெரியாது. வெளுத்த, காய்ந்த, ஆழமான ஒரு குழாய். பிறகு அடியில் ஒரு சிவப்புப் புள்ளி மினுங்கும். கிணற்றில் ஊற்று திறந்தது போல அது மெல்ல மெல்ல ஏறும். பல்லின் கழுத்துக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் கீழே வந்ததும் நிறுத்தி, உறையவிட வேண்டும். எத்தனை முறை செய்தாலும் அந்த ஏற்றத்தைப் பார்க்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த ரத்தம் சும்மா ரத்தம் இல்லை. நுனியைச் சுற்றியுள்ள ஸ்டெம் செல்களை இது கால்வாய்க்குள் அள்ளிக்கொண்டு வருகிறது என்று 2011இல் டெக்சாஸ் ஆராய்ச்சியாளர்கள் நோயாளிகளிடம் அளந்து காட்டினார்கள்.

உறைந்த ரத்தத்தின் மேல் கொலாஜன் துண்டு ஒன்று, அதன்மேல் எம்.டி.ஏ. அல்லது அதே மாதிரிச் சிமெண்டான பயோடென்டின், அதன்மேல் பல் நிற அடைப்பு. எம்.டி.ஏ.வில் இருக்கும் பிஸ்மத்தும் நாளாக நாளாகப் பல்லைச் சாம்பலாக்கக்கூடும். பயோடென்டினில் பிஸ்மத் இல்லை, ஆகவே முன்பல்லுக்கு அது மேல். ரத்தம் சரியாக வராத நேரத்தில், பையனின் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்துச் சுழற்றி, பி.ஆர்.எஃப். என்ற மஞ்சள் ஜெல்லியைத் தயாரித்து உள்ளே வைப்பதும் உண்டு. பிரான்சின் ஷூக்ரூன் 2001இல் தொடங்கிய முறை அது. நம் ஊர்ப் பல் மருத்துவக் கல்லூரிகளில் சாதாரணமாகச் செய்கிறார்கள். நல்ல மாற்று வழிதான். ஆனால் ரத்தம் தானாக ஏறிவிட்ட பல்லில் அது இல்லையென்றால் பெரிய நஷ்டம் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது அந்தப் பாதி உண்மை. உள்ளே வளர்வது என்ன? இப்படிச் சிகிச்சை செய்த பற்கள் சில, பின்னால் வேறு காரணத்துக்காக எடுக்க நேர்ந்தபோது, அவற்றை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். நாய்களின் பற்களிலும் பார்த்தார்கள். பெரும்பாலும் இருந்தது பழைய பல்கூழ் இல்லை. வேரின் வெளிப்பக்கம் இருக்க வேண்டிய சிமெண்டம் போன்ற பொருள் உள்சுவரில் படிந்திருந்தது. சில இடங்களில் எலும்பு போன்ற திசு, நடுவில் ரத்த ஓட்டமுள்ள இணைப்புத் திசு. டென்டின் சுரக்கும் அந்தச் செல்களின் வரிசை திரும்பவில்லை. எனவே ‘மறுபிறவி’ என்ற சொல்லை நான் நோயாளிகளிடம் சொல்வதில்லை. கால்வாயில் உயிருள்ள திசு வந்து குடியேறும், அந்தத் திசு கிருமியோடு போராடும், பலருக்குச் சுவரில் பூச்சு ஏறும் என்றுதான் சொல்கிறேன். கொத்தனார் திரும்பி வரவில்லை. வேறு ஒரு வேலையாள் வந்து தனக்குத் தெரிந்த பூச்சைப் பூசுகிறார். கொய்யாக்காய் கடித்த அந்தப் பெண்ணுக்கு அந்தப் பூச்சு இருந்திருந்தால் போதும் என்பதுதான் என் எண்ணம்.

எதிர்பார்ப்பை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கொப்புளம் மறைந்து, எலும்பின் கரிய நிழல் ஆறுவது பெரும்பாலான குழந்தைகளுக்கு நடக்கும். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் எக்ஸ்ரேயில் தெரியும். சுவர் தடிப்பதும் வேர் நீள்வதும் ஒன்று இரண்டு வருடத்தில் தெரிய வரும், ஆனால் குழந்தைக்குக் குழந்தை மாறும். குளிர்ச்சி வைத்தால் உணர்வது சிலருக்கு மட்டுமே. அடிபட்ட முன்பற்களில் வேர் வளர்ச்சி கொஞ்சம் குறைவாகவே இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வேரை வடிவமைக்கும் மெல்லிய உறை ஒன்று நுனியைச் சுற்றி இருக்கிறது. விழுந்த அடியில் அதுவே நசுங்கியிருக்கலாம். இவாயா, ட்ரோப் குழுவினர் கண்ட அருமையான பலன்களெல்லாம் முன்கடைவாய்ப் பற்களில். ஆசிய மக்களில் சிலருக்கு அந்தப் பல்லின் நடுவில் ஒரு சின்னக் கூம்பு இருக்கும். அது உடைந்து கிருமி போனாலும் வேர் நுனிக்கு அடி கிடையாது.

சிகிச்சை பலிக்காமல் கொப்புளம் திரும்பினால்? அப்போதும் எம்.டி.ஏ. வைத்து நுனியை அடைக்கலாம். வாய்ப்பு எதுவும் கைநழுவிப் போவதில்லை. இதுதான் நான் இந்த வழியை முதலில் வைக்க முக்கியமான காரணம். ஒன்பது வயதில் முன்பல் போனால் இம்பிளான்ட் வைக்க தாடை வளர்ச்சி முடியும் வரை, பத்து வருடம் போல, காத்திருக்க வேண்டும். அதுவரை சொந்தப் பல் நின்றாலே பெரிய காரியம்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கு ஒன்று. உடைந்த பல்லின் நடுவில் ஊசிமுனை அளவு சிவப்புத் தெரிந்தால், வலி இருக்கிறதோ இல்லையோ, அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். மேலே சொன்ன அதே ஸ்வெக், 1978இல் இப்படி உடைந்த 60 முன்பற்களில், பல்கூழின் மேல்பகுதியில் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் நீக்கி மருந்து வைத்து மூடினார். 96 சதவீதம் ஆறின. சில பற்கள் உடைந்து வாரக்கணக்கில் ஆனவை. நாளானாலும் வீக்கம் மேல் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை என்பதுதான் அவர் கண்டது. அரை மணி நேர வேலை. வேர் தானாக வளர்ந்து முடியும். எந்தப் புது முறையும் இதற்கு ஈடாகாது.

இது உங்கள் கடைவாய்ப் பல்லுக்கும் பொருந்தும். மகனின் பல்லில் பல்கூழ் செத்துவிட்டது. உங்களுடையது புண்ணாகி வீங்கியிருக்கிறது, உயிர் இருக்கிறது. குளிர்ச்சி எடுத்த பிறகும் அரை நிமிடம் வலி நிற்கிறது என்றால், ‘இனி ஆறாத அழற்சி’ என்று பாடப்புத்தகம் பெயர் வைக்கும், ரூட் கேனால் என்று எழுதும். அந்தப் பெயரே சந்தேகத்துக்குரியது என்று கொஞ்ச காலமாகத் தெரிந்து வருகிறது. இத்தாலியின் ரிகூச்சி 2014இல், எடுத்த பற்களை வெட்டிப் பார்த்தார். ‘ஆறாத அழற்சி’ என்று வாயில் பார்த்து முடிவு கட்டியவற்றில் 84 சதவீதத்தில்தான் திசுவும் அப்படி இருந்தது. இருந்தவற்றிலும், கிருமி புகுந்து கெட்டது மேல்பகுதியில் ஒரு மூலைதான். கொஞ்சம் கீழே வேர்க்கால்வாய்களுக்குள் பல்கூழ் நல்லபடியாக இருந்தது.

பல்கூழ் தானாக ஆறுமா என்ற சந்தேகத்தை 1965லேயே ஒரு எலிச் சோதனை தீர்த்துவைத்திருந்தது. ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் மூவரும் எலிகளின் கடைவாய்ப் பல்லைத் துளைத்து, பல்கூழ் தெரியும்படி, எதையும் வைத்து மூடாமல் அப்படியே விட்டார்கள். சாதாரண எலிகளின் பல்கூழ் செத்துச் சீழ் பிடித்தது. பிறந்ததிலிருந்து கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் துளையில் உணவுத் துணுக்கு அடைத்திருந்தும், சில வாரங்களில் பல்கூழ் தானே ஒரு டென்டின் பாலம் கட்டி மூடிக்கொண்டது. மாணவனாக அதைப் படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. எதிரி கிருமிதான், பல்கூழ் பலவீனமான பொருள் இல்லை. கிருமியை அகற்றி, உள்ளே வராமல் அடைத்தால் அது தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

அதனால் உங்களுக்குச் செய்யக்கூடியது, வேர் நுனி வரை போகாமல் பல்லின் மேல் அறையில் இருக்கும் கெட்ட பல்கூழை மட்டும் நீக்குவது. பல்போடமி என்பார்கள். முன்பு பால் பல்லுக்கு மட்டும் என்று நினைத்தோம். ஈரானில் அஸ்கரி குழுவினர் இதே மாதிரி வலியோடு வந்த 400க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரூட் கேனால், இன்னொரு பாதிக்குப் பல்போடமி செய்து ஐந்து வருடம் பார்த்தார்கள். இரண்டின் பலனும் ஏறக்குறைய ஒன்றுதான். ஐரோப்பாவின் வேர் சிகிச்சை மருத்துவர் சங்கம் 2019இலும், அமெரிக்கச் சங்கம் 2021இலும் இந்த வழியை ஏற்று அறிக்கை வெளியிட்டிருக்கின்றன.

செய்யும்போது டாக்டர் பார்க்கும் முக்கியமான அறிகுறி ரத்தம். கெட்டதை எடுத்தபின் ஹைப்போகுளோரைட்டில் நனைத்த பஞ்சை வைத்து அழுத்தினால், ஐந்து பத்து நிமிடத்துக்குள் ரத்தம் நிற்க வேண்டும். நின்றால் மிச்சமிருப்பது ஆரோக்கியமானது, மேலே எம்.டி.ஏ. அல்லது பயோடென்டின் வைத்து, அன்றே இறுக்கமாக அடைக்கலாம். நிற்காமல் வடிந்துகொண்டே இருந்தால் அழற்சி இன்னும் ஆழமாக இருக்கிறது. அறையைத் திறக்கும்போது ரத்தமே இல்லாமல் வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால் அது செத்த பகுதி. இப்படியானால் ரூட் கேனால்தான், அதில் தயங்க வேண்டாம். ஆக முன்கூட்டியே யாரும் உறுதி சொல்ல முடியாது, திறந்து பார்த்துத்தான் முடிவு. ‘ரத்தம் நின்றால் பல்போடமியோடு நிறுத்துவீர்களா?’ என்று உட்காரும் முன் டாக்டரிடம் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே அவர் இதைச் செய்து பழகியவரா என்பது தெரிந்துவிடும். ரப்பர் விரிப்பு மாட்டாமல் செய்தால் எச்சில் வழியே கிருமி போய்விடும். அதற்குச் செய்யாமலே இருக்கலாம்.

அதுவரை மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டு தள்ளிப்போடாதீர்கள். அழற்சி வலியை அது குறைக்காது. மகனின் பல்லில் ரத்த ஓட்டமே இல்லை என்பதால், மாத்திரை மருந்து அங்கே போய்ச் சேராது. கிராம்புத் தைலம் பஞ்சில் தொட்டு வைத்தால் கொஞ்ச நேரம் மரத்துப்போகும், ஒரு இரவைத் தாண்ட உதவும். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

மகனுக்குச் செய்கிற ரத்த உறைவுச் சிகிச்சை பெரியவர்களுக்கு ஆகாதா என்றால், முழுதாக வளர்ந்த வேரின் நுனித் துளை மில்லிமீட்டரில் ஒரு பகுதிதான். ரத்தமும் செல்லும் தாராளமாக வர வழி இல்லை. செய்து பார்த்து வருகிறார்கள். ஆனால் செத்த பல்கூழ் உள்ள பெரியவர்களுக்கு நன்றாகச் செய்த ரூட் கேனாலைவிட அது மேல் என்று சொல்லும் நிலை வரவில்லை.

உண்மையான பல்கூழையே வளர்க்க முயன்றவர்களும் உண்டு. பல்கூழில் ஸ்டெம் செல் இருப்பதை 2000இல் கிராந்தோஸ், சாங்தாவ் ஷீ ஆகியோரின் குழு கண்டது. 2003இல் விழும் பால் பற்களிலும் இருப்பதைக் காட்டினார்கள். 2017இல் ஜப்பானின் நகாஷிமா, ஐந்து நோயாளிகளுக்கு அவரவர் வேறு பல்லிலிருந்து எடுத்த செல்களை வளர்த்துக் கால்வாயில் வைத்தார். நான்கு வாரத்தில் நான்கு பேருக்குப் பல்லில் உணர்வு வந்தது. அடுத்த வருடம் சீனாவின் ஷியான் நகரில், உங்கள் மகனைப் போலவே விழுந்து பல்கூழ் செத்த நாற்பது குழந்தைகளைச் சேர்த்து ஒரு ஆய்வு நடந்தது. அவர்களில் முப்பது பேருக்கு அவரவர் பால் பல்லிலிருந்தே செல் எடுத்து வைத்தார்கள். ரத்தக் குழாயும் உணர்வும் உள்ள திசு வளர்ந்தது, வேரும் நீண்டது. படிக்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் அது செல்களை வளர்க்கத் தனி ஆய்வுக்கூடம் தேவைப்படும் ஆராய்ச்சி. உங்கள் ஊரில் எந்த கிளினிக்கிலும் இன்று கிடைக்காது. ‘ஸ்டெம் செல் சிகிச்சை’ என்று யாராவது பெரிய கட்டணம் சொன்னால், ரத்த உறைவுச் சிகிச்சைக்குத்தான் அந்தப் பெயரைச் சொல்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பால் பல் பேங்க் பற்றி என் பதில் தெளிவானது: வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு ஸ்டெம் செல் வழிகாட்டுதலின்படி, வணிக முறையில் சேமிக்க அனுமதி தொப்புள்கொடி ரத்தத்துக்கு மட்டும். பல்லைச் சேமிப்பதற்கு அதில் அனுமதி இல்லை. அந்தப் பணத்தை மகனின் சிகிச்சைக்கு வைத்துக்கொள்ளுங்கள். செலவு இடித்தால் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். சென்னையில், சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குழந்தைகள் பல் மருத்துவப் பிரிவு, வேர் சிகிச்சைப் பிரிவு இரண்டும் அங்கே உண்டு.

இந்த வாரமே மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். எட்டு மாதம் கிருமி இருந்துவிட்டது. இன்னும் தள்ளினால் நுனியில் இருக்கும் ஸ்டெம் செல்களும் குறைந்துகொண்டே போகும். உடைந்த பல்லோடு அதற்குப் பக்கத்துப் பல்லையும் சேர்த்து எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அதுவும் அதே அடியை வாங்கியிருக்கலாம். சிகிச்சை முடிந்தபின் மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று அதே கோணத்தில் எக்ஸ்ரே எடுத்து, எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். டாக்டர் மாறினாலும், ஊர் மாறினாலும், அடுத்தவர் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த வெள்ளைச் சுவர் தடித்திருக்கிறதா என்று சொல்ல முடியும்.